அளவான பகை: முட்டையிடும் சிறு சிக்லிட் ஜோடிகளுக்குத் தொட்டித் துணை

சிவகாசியிலோ சாத்தூரிலோ வண்ணமீன் கடையில் நின்று, "இந்த ஜோடியோட வேற எது சேரும்ணே?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கும். "எல்லாம் சேரும், கொண்டு போங்க" என்பது ஒன்று. "எதுவும் சேராது, தனியா விடுங்க" என்பது மற்றது. முதல் பதிலை நம்பினால் வால் கிழிந்த மோலிகள் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பதைச் சீக்கிரமே பார்க்கலாம். இரண்டாவதை நம்பியவர்களுக்கும் நிம்மதி உறுதியில்லை. வேறு எதிரி இல்லாத தொட்டியில் ஆண் மீன் தன் பெண்ணையே விரட்டி விரட்டிக் கடித்துக் கொல்வதும் நடக்கிறது. இரண்டு பதில்களுமே ஏன் அரைகுறை என்பதை விளங்கவைக்கும் ஆராய்ச்சி அறுபது ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதில் முக்கியமான சில பகுதிகள் நம் கடலோரத்து மீன் ஒன்றை வைத்தே நடந்தவை என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

எங்கள் அச்சங்குளம் பக்கத்தில் சிக்லிட் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இருக்கலாம். ஜிலேபி மீனைத் தெரியாதவர் இல்லை. 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ஆப்பிரிக்க மீன்தான் இன்று கண்மாய் கண்மாயாக நிறைந்து கிடக்கிறது. தண்ணீர் வற்றியதும் கண்மாய்த் தரையில் தெரியும் வட்டமான குழிகள் ஆண் ஜிலேபி தோண்டியவை. பெண் அங்கே வந்து முட்டையிட்டு, அதை வாய்க்குள் வாரிக்கொண்டு போய்விடும். ஆணின் வேலை அதோடு முடிந்தது. கண்ணாடித் தொட்டிக்காரர்களின் தலைவலி வேறு வகை: ஆணும் பெண்ணும் ஜோடியாகத் தங்கி, முட்டைக்கு விசிறி, குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரியும் சிறு சிக்லிட்டுகள். ராம், கிரிபென்சிஸ், கான்விக்ட், டாங்கனிக்கா ஏரியின் சங்குவாசிகள், பிறகு நம் ஆரஞ்சு குரோமைடு. ஏஞ்சலும் சிக்லிட்தான், வாங்குபவர்கள் அதை நினைப்பதில்லை. ஆனால் உடல் பெரிது என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

துணையைப் பற்றிப் பேசுவதற்கு முன் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். கரிசல் காட்டுப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, உப்புக் கரிக்கும், காரத்தன்மை கூடியது. குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும் ஊர்களில் நிலைமை வேறு. இந்த வேற்றுமை எந்த ஜோடி முட்டையிடும் என்பதை மட்டுமல்ல, எந்தத் துணை தாக்குப்பிடிக்கும் என்பதையும் முடிவு செய்கிறது. ராம் மீன் வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ சமவெளியைச் சேர்ந்தது. மென்மையான, லேசான அமிலத்தன்மை உள்ள தண்ணீர் வேண்டும், 27 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். நம் வெயில் அதற்கு ஒத்துவரும், போர் தண்ணீர் ஒத்துவராது. அந்தத் தண்ணீரில் ராம் உயிரோடு இருக்கும், முட்டைகூட இடும், முட்டை பெரும்பாலும் வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். பழியைத் துணை மீன்மேல் போடுவோம்.

கிரிபென்சிஸ் நைஜீரியா, கேமரூன் நதிகளின் மீன். கடினத் தண்ணீரையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. குஞ்சுகள் முதல் சில வாரங்களில் வளரும் தண்ணீரின் அமில, காரத்தன்மை அவற்றின் பால் விகிதத்தைச் சாய்க்கிறது. அமிலம் கூடினால் ஆண் குஞ்சுகள் மிகும். காரம் கூடினால் பெண் குஞ்சுகள். அபிஸ்டோகிரம்மா இனங்களில் இதே வேலையை வெப்பநிலையும் செய்கிறது என்று உவே ரோமரும் பைசன்ஹெர்ஸும் 1996-இல் காட்டினார்கள்: சூடு கூடினால் ஆண்கள் கூடும். அச்சங்குளத்துப் போர் தண்ணீரில் பிறந்த கிரிபென்சிஸ் கூட்டத்தில் ஜோடி அமையவில்லை என்றால் ஜாதகத்தில் குறை தேட வேண்டியதில்லை.

போர் தண்ணீருக்கென்றே பிறந்தவை போலச் சில மீன்கள் உண்டு. டாங்கனிக்கா ஏரியின் தண்ணீர் கடினமானது, கார அளவு 9-ஐ ஒட்டி நிற்பது. அங்கே காலி நத்தைக் கூடுகளில் குடித்தனம் நடத்தும் மல்ட்டிஃபேசியாட்டஸ் என்ற மீனின் பெண் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. சிக்லிட்டுகளிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. கூட்டுக்கு அலைய வேண்டியதில்லை. கோடையில் நம் கண்மாய்க் கரையில் வெளுத்துக் கிடக்கும் நத்தை ஓடுகளை நன்றாகக் கழுவி, கொதிக்க வைத்துப் போட்டால் போதும். ஓட்டின் சுண்ணாம்பு இந்த மீனுக்கு நல்லதுதான்.

இனி துணைக்கு வருவோம். கேள்வியின் மையத்தில் இருப்பவர் கான்ராட் லோரன்ஸ். 1963-இல் வெளிவந்த தம் ஆக்ரோஷம் பற்றிய நூலில் ஒரு தொட்டிக் காட்சியை அவர் விவரிக்கிறார். பல மீன்கள் இருக்கும் தொட்டியில் ஒரு சிக்லிட் ஜோடி நன்றாகக் குடும்பம் நடத்தியது. "பாவம், இவற்றுக்குத் தொல்லை வேண்டாம்" என்று மற்ற மீன்களை எடுத்துவிட்டால், வெளியே காட்டிக்கொண்டிருந்த கோபத்தைக் கொட்ட ஆளில்லாமல் ஆண் மனைவிமேல் பாய்கிறது. அவர் கண்ட தீர்வு இணைத் தொட்டி: நடுவில் கண்ணாடித் தடுப்பு, இரு பக்கமும் ஒவ்வொரு ஜோடி. கணவர்கள் கண்ணாடி வழியே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும் வரை இரு வீட்டிலும் அமைதி. கண்ணாடியில் பாசி படர்ந்து பக்கத்து வீட்டான் மங்கலானதும் வீட்டுக்குள் சண்டை தொடங்கும். கண்ணாடியைத் துடைத்தால் அடங்கும்.

காட்சி அழகானது. ஆனால் காட்சி சோதனையாகாது. அதைச் சோதித்தவர் ஆன் ராசா. 1969-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மீன் ஆரஞ்சு குரோமைடு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆறு, காயல், கழிமுகங்களில் வாழும் நம் மீன். ஜோடியைத் தனிமைப்படுத்துவது இனப்பெருக்க வெற்றியை எப்படிப் பாதிக்கிறது என்பதே அவர் கேள்வி. தனித்து விடப்பட்ட ஜோடிகளுக்குள் சண்டை கூடியது, குஞ்சு வளர்ப்பு கெட்டது. வெளியே ஒரு எதிரி இருந்த ஜோடிகள் தேறின. லோரன்ஸ் சொன்ன காரணம், அதாவது கோபம் உள்ளே ஊறி ஊறி வழிந்தே தீர வேண்டும் என்ற கொள்கை, பின்னாளில் விலங்கு நடத்தை ஆய்வாளர்களிடம் செல்வாக்கிழந்தது. விளக்கம் சாய்ந்தாலும் நிகழ்வு சாயவில்லை. எல்லை காக்கும் வேலை இருவருக்கும் பொதுவாக இருக்கும்போது ஜோடி உறுதியாகிறது என்று மட்டும் எடுத்துக்கொண்டாலும் தொட்டி வைப்பவருக்குப் போதும்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1968-இல், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஜார்ஜ் பார்லோ வேறொரு வேலைக்குத் துணை மீனைப் பயன்படுத்தினார். ஆய்வுக்கு எடுத்த சிக்லிட்டுகள் மனித நிழல் பட்டாலே ஒளிந்துகொண்டன. மேல்தட்டில் பயமில்லாமல் திரியும் சிறு மீன்களை விட்டதும் அவை வெளியே வந்தன. சின்ன மீன் மேயும் இடத்தில் ஆபத்தில்லை என்பது அவற்றின் கணக்கு. அவர் எழுதிய அந்தக் கட்டுரையிலிருந்துதான் இந்த யோசனை உலகெங்கும் மீன் வளர்ப்போரிடம் பரவியது.

ஆக, துணை மீனுக்கு இரண்டு உத்தியோகங்கள்: தைரியம் சொல்வது, திட்டு வாங்குவது. கடைகளில் கேட்கும் "சாதுவான மீன் எது?" என்ற கேள்வி இரண்டையும் தொடுவதில்லை. மிகச் சாதுவான மீன் மிக மோசமான துணையாக இருக்கக்கூடும்.

கோரிடோராஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. யாரையும் கடிக்காது, தரையைத் துழாவிக்கொண்டே இருக்கும். சிக்லிட் ஜோடியின் எல்லை என்பது தரையை ஒட்டியது. முட்டைக்கு அருகே வரும் கோரியை ஜோடி விரட்டும். மற்ற மீன் விலகிப் போகும். கோரி கவசம் போட்ட உடம்போடு அரை நிமிடத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வரும். விரட்டு, திரும்பு, விரட்டு, திரும்பு. கடைசியில் கோரியின் கண்ணோ மீசையோ போகும், அல்லது ஜோடி சலித்து முட்டையைத் தின்றுவிடும். இரவில் நிலைமை தலைகீழ். சிக்லிட் பகல் காவல்காரர். விளக்கணைந்த பின் மீசையால் மோப்பம் பிடித்து முட்டையைத் தின்ன கோரிக்குத் தடையில்லை. ராம் ஜோடி வைத்திருப்பவர்கள் காலையில் காலியான கல்லைப் பார்த்து, "தாயே தின்னுடுச்சு" என்று முடிவு கட்டுவதில் ஒரு பகுதியாவது கோரியின் கணக்கில் சேர வேண்டும் என்பது என் கருத்து.

'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் சக்கர் மீன் இதைவிட மோசம். சிறியதாக வாங்கி, பெரியதாகி, இரவு முழுக்கத் தரையைச் சுரண்டும். முட்டை வைக்கும் ஜோடியோடு அதை விடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நல்ல துணைகள் தரைக்கு மேலே வாழ்பவை. ராம், கிரிபென்சிஸ் போன்றவற்றோடு மேல்தட்டில் கூட்டமாக நீந்தும் டேனியோ, சிறு ரஸ்போராக்கள், கார்டினல் டெட்ரா ஆகியவை பொருந்தும். டேனியோவின் நன்மை அதன் வேகம். திட்டு வாங்கியும் காயம் படாது. ஆனால் ராமின் 28 டிகிரி டேனியோவுக்குச் சற்று அதிகம். கார்டினலுக்கு அந்தச் சூடு பிடிக்கும், கூடவே ராமைப் போல மென்னீரும் வேண்டும். புலிபார்ப், விடோ டெட்ரா இரண்டும் துடுக்கானவை, துடுப்பைக் கடிப்பவை. ராமின் நீண்ட முதுகுத்துடுப்பு அவற்றுக்குத் தீனி. நியான் போன்றவற்றைச் சிறு ராமோடு விடலாம். வளர்ந்த ஏஞ்சலோடு விட்டால் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.

கூட்டம் என்பது இங்கே முக்கியம். இரண்டு டேனியோவை விட்டால் விரட்டல் முழுக்க அந்த இரண்டின் மேலேயே விழும். எட்டு, பத்து இருந்தால் பங்கிடப்படும். எதிரியும் தேவை, எந்த ஒரு எதிரியும் சாகக்கூடாது. அளவான பகை என்று சொல்வது இதைத்தான்.

தைரியம் சொல்லும் துணைக்கு இன்னொரு குணமும் வேண்டும்: அதற்கே பயம் கூடாது. பட்டாசுப் பூமியில் தீபாவளி வாரம் தொட்டி மீன்களுக்குச் சோதனைக் காலம். மீனின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு நீரின் அதிர்வை உடனே பிடிக்கும். திடுக்கிட்ட தாய் தந்தை முட்டையைத் தின்பது புதிதல்ல. அந்த நேரத்தில் மேல்தட்டு மீன்கள் கண்ணாடியில் மோதிச் சிதறினால் ஜோடிக்கு அது அபாயச் சங்கு. சிறிது நேரத்தில் அவை மேய்ச்சலுக்குத் திரும்பினால் ஜோடியும் திரும்பும். பார்லோவின் யோசனை இரண்டு பக்கமும் வெட்டும். வீட்டு மனிதருக்குப் பழகிய பழைய மோலிகள், நேற்று வாங்கி வந்த பளபளக்கும் டெட்ராக்களைவிட இந்த வேலைக்குத் தகுந்தவை.

மோலி என்றதும் ஆரஞ்சு குரோமைடுக்குத் திரும்ப வேண்டும். ஜெர்மானிய மீனியலாளர் மார்க்கஸ் எலியேசர் பிளாக் 1795-இல் பெயரிட்ட இந்த மீனுக்கு நம் உப்புத் தண்ணீர் வீட்டுத் தண்ணீர் மாதிரி. லேசாகக் கல்லுப்பு சேர்த்தால் முட்டையில் பூஞ்சை பிடிப்பதும் குறையும். உப்பைத் தாங்கும் துணை வேண்டும் என்பதால் டெட்ரா, கோரி எல்லாம் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடுகின்றன. மோலி, கப்பி, நம் நீர்நிலைகளில் கிடைக்கும் கண்ணாடி மீன் ஆகியவை மிஞ்சும். ஆனால் மோலி எதையும் கொத்திப் பார்க்கும் சுபாவம் உடையது. முட்டை இருக்கும் கல்லில் பாசி இருந்தால் அதற்கு அங்கேதான் வேலை.

இயற்கை இந்த மீனுக்குக் கொடுத்த துணை கரிமீன். 2010-இல் கேரளம் மாநில மீனாக அறிவித்த அதே கரிமீன். சென்னையில் தலைமையகம் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் முட்டுக்காட்டில் குஞ்சு பொரிக்க வைக்கும் மீனும் இதுவே. இரண்டையும் சேர்த்து ஆய்ந்த ரிச்சர்ட் வைமனும் ஜாக் வார்டும் 1972-இல் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். சிறிய ஆரஞ்சு குரோமைடு பெரிய கரிமீனின் உடலைக் கொத்திச் சுத்தம் செய்கிறது. கரிமீன் அதற்கு நின்று கொடுக்கிறது. அதே ஆரஞ்சு குரோமைடு, வாய்ப்புக் கிடைத்தால் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். மருத்துவரும் திருடரும் ஒரே மீன். 'சேரும், சேராது' என்று ஒற்றை வரியில் எழுதும் அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்வேன். அதே இரண்டு மீன்கள், அதே தொட்டி. யாருக்கு இப்போது முட்டை இருக்கிறது என்பதைப் பொறுத்து உறவு மாறுகிறது.

குஞ்சு பொரித்ததும் கணக்கு முழுக்க மாறும். ஆரஞ்சு குரோமைடு குஞ்சுகள் பெற்றோரின் உடலை உரசி அதன் சளியைக் கொத்தித் தின்பவை. பார்லோவும் வார்டும் 1967-இலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதனால் பெற்றோரிடமிருந்து குஞ்சைப் பிரிப்பதைவிடத் துணையைப் பிரிப்பதே நல்லது. மற்ற இனங்களிலும் குஞ்சு நீந்தத் தொடங்கும் நாள்தான் ஆபத்து நாள். முட்டை இருந்தவரை ஒரு சாண் அகலத்தில் இருந்த எல்லை, குஞ்சு திரியத் திரிய அதோடு விரிகிறது. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டி சுமார் 56 லிட்டர். கிரிபென்சிஸ் ஜோடி முட்டை வைக்கும் வரை அதில் எட்டு டேனியோ தாங்கும். குஞ்சு நீந்திய பின் தொட்டி முழுக்க ஜோடிக்குத்தான் சொந்தம். மூன்றடிக்கு ஒன்றரை, ஒன்றரை என்றால் சுமார் 190 லிட்டர். அங்கேதான் துணையைக் கடைசி வரை வைத்துக்கொள்ளும் பேச்சையே எடுக்கலாம். அதிலும் ஒரு முனையில் சிரட்டைக் குகை, மறு முனையில் செடி என்று பார்வையை மறைத்து வைக்க வேண்டும். சிறிய தொட்டிக்காரர்களுக்கு லோரன்ஸின் கண்ணாடித் தடுப்புதான் மலிவான வழி. தொட்டி செய்து கொடுப்பவரிடம் அளவு சொன்னால் ஒரு துண்டு வெட்டித் தருவார். எதிரி கண்ணில் படுவான், பல்லில் படமாட்டான்.

கான்விக்ட் ஜோடிக்கு இதெல்லாம் போதாது. உருவத்தில் சிறியது, குணத்தில் கண்மாய்க்காவல். அதற்கு டேனியோவைத் துணைக்கு விடுவது டேனியோவுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் இயற்கையில் இந்த மீன் காட்டும் இன்னொரு முகத்தைச் சொல்லாமல் விட முடியாது. பிரையன் வைசென்டனும் மைல்ஸ் கீன்லிசைடும் 1992-இல் எழுதியபடி, கான்விக்ட் பெற்றோர் பிறர் குஞ்சுகளைத் தம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கின்றன. தம் குஞ்சைவிடச் சிறியவையாக இருந்தால் மட்டும். வேட்டை மீன் முதலில் சிறியதைத்தான் பிடிக்கும், தம் பிள்ளை தப்பும். நிகராகுவாவின் ஹிலோவா ஏரியில் ஓர் இனத்து ஆண் வேறோர் இனத்தின் குஞ்சுகளைக் காவல் காப்பதைக் கென்னத் மெக்கே 1977-இல் பதிவு செய்தார். இதைப் படித்துவிட்டு இரண்டு ஜோடிகளின் குஞ்சுகளை ஒரே தொட்டியில் கலந்தால் ஒன்றாக வளரும் என்று நம்பிவிடக் கூடாது. ஏரியில் தோற்றவன் ஓடிப்போக இடமிருக்கிறது.

சில மீன்களுக்கு வெளித்துணை கேட்பதே தவறு. டாங்கனிக்காவின் புல்க்கர் இனத்தில் மூத்த குஞ்சுகள் தங்கியிருந்து தம்பி தங்கைகளைக் காப்பதை மைக்கேல் தபோர்ஸ்கியும் லிம்பெர்கரும் 1981-இல் காட்டினார்கள். மல்ட்டிஃபேசியாட்டஸும் குடும்பத்தோடு கூட்டமாக வாழ்வதுதான். இவற்றுக்கு எதிரியும் உள்ளூரில், உதவியும் உள்ளூரில். அவற்றின் தொட்டியில் வேறு எதையும் விடாமல் இருப்பதே மேல்.

வியாபாரத்துக்காகக் குஞ்சு எடுப்பவர்களுக்கு இந்த விவாதம் முழுவதும் வெட்டிப் பேச்சாகத் தெரியலாம். கொளத்தூரில் தொடங்கி வளர்ந்த தமிழ்நாட்டு வண்ணமீன் தொழிலில் முட்டையைக் கல்லோடு எடுத்து, தனித் தொட்டியில் காற்று விட்டு, மெத்திலின் நீலம் சேர்த்துப் பொரிக்க வைப்பது வழக்கம். பெற்றோரும் இல்லை, துணையும் இல்லை. ஒன்றிய அரசு மதுரையை வண்ணமீன் தொகுப்பாக அறிவித்திருப்பதால் நம் பக்கத்திலும் இந்த முறை பெருகக்கூடும். எண்ணிக்கைக்கு இதுவே சரியான வழி, மறுப்பில்லை. ஆனால் பல தலைமுறையாகக் குஞ்சைப் பார்க்காமல் வளர்க்கப்பட்ட ஏஞ்சல்களும் ராம்களும் தம் முட்டையைத் தாமே தின்பதாக வளர்ப்போர் குறைப்படுவது பழைய கதை. அப்படிப்பட்ட ஜோடியை வாங்கி வந்து, எந்தத் துணையை மாற்றிப் பார்த்தும் பயனிராது. ஆறேழு இளம் மீன்களாக வாங்கி அவையே ஜோடி சேரும்படி விடுவது மேல். மிச்சமுள்ளவை தொடக்க நாட்களில் துணையின் வேலையையும் பார்க்கும். ஜோடி உறுதியானதும் அவற்றை எடுத்துவிட வேண்டும்.

எடுத்ததை எங்கே விடுவது என்பது கடைசிப் பிரச்சினை. கான்விக்டும் சக்கரும் வைப்பாற்றிலோ வெம்பக்கோட்டை அணையிலோ கண்மாயிலோ போய்ச் சேரக் கூடாது. ஜிலேபி ஒன்றே போதும். மாற்றிக்கொள்ளவோ திருப்பி எடுத்துக்கொள்ளவோ கடைக்காரரிடம் வாங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்; இளம் மீன் ஜோடியாக வளர்ந்து வந்தால் அவருக்கும் இலாபம், பெரும்பாலும் மறுக்கமாட்டார்.